தோல்வியில் கற்ற 'தோல்' பாடம்!

ஒரு கொலையை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பதறாதீங்க பாஸ்... செத்தது ஒரு ஹேண்ட்பேக்! ஆனால், அது என் அம்மாவின் ஹேண்ட்பேக்.

1998-ல் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாசச் சம்பளம் வாங்கிய கையோடு ஒரு கைவினைப் பொருள் கண்காட்சிக்குப் போய், அம்மா தனக்கே தனக்குன்னு வாங்கிய பை அது. சாந்திநிகேதன் லெதர் பை. அரக்குச் சிவப்பு நிறம். மேலே புடைப்பாகப் பூவும் கொடியும். அந்தப் பூவுக்குள்ளே மஞ்சளும் பச்சையும் தீட்டியிருக்கும். எங்க வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்த ஒரே பை அதுதான்.

போன செமஸ்டர் லீவில் பீரோவைக் குடைந்தபோது பார்த்தால், பை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. 'அம்மா பிறந்த நாளுக்கு இதைப் புத்தம்புதுசா மாத்தி சர்ப்ரைஸ் கொடுத்தா என்ன?' என்று மண்டைக்குள் ஒரு பல்பு எரிந்தது. (கடைசியில் அதே பல்பைத்தான் நான் வாங்கினேன்!)

உடனே யூடியூப். ஒரு அமெரிக்க அம்மணி பழைய தோல் பையைத் தொட்டித் தண்ணியில் முக்கி, சோப்பு போட்டுக் கும்மி எடுத்து, காயவைத்து, க்ரீம் தடவுகிறார். பை பளபளவென்று வெளியே வருது. 'அட, இவ்ளோதானா மேட்டர்?' வாளி நிறைய தண்ணி, ரெண்டு ஸ்பூன் துணி துவைக்கும் பவுடர், அரை மணி நேரம் ஊறல். அப்புறம் மொட்டை மாடி. மே மாச வெயில். கடைசியாக, பளபளப்புக்குத் தாராளமாகத் தேங்காய் எண்ணெய்!

ரிசல்ட்? தண்ணியெல்லாம் சிவப்பு. பூவும் கொடியும் தட்டையாகிப் போச்சு. மஞ்சளும் பச்சையும் ஒண்ணோடு ஒண்ணு கலந்து சேறு மாதிரி ஆச்சு. உள்ளே இருந்த அட்டை ஊறி உப்பியிருந்தது. பை மொத்தமும் அப்பளம் மாதிரி விறைச்சு, மடக்கினால் 'சடக்'கென்று விரிசல். அதுக்கு மேலே திட்டுத்திட்டாக எண்ணெய்க் கறை.

அம்மா திட்டியிருந்தால் பரவாயில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''சரி விடுடா... பழசுதானே'' என்றார். அவ்வளவுதான். அந்த 'பழசுதானே'வை என்னால் தாங்க முடியலை. அன்னிக்கு ராத்திரிதான் தோலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். மெட்டீரியல்ஸ் பேப்பரில் இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால், தோலும் ஒரு மெட்டீரியல்தான், அதுக்கும் ஒரு குணம் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரலை. நானே கண்டுபிடித்த கதைச் சுருக்கம் இதோ.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை அழுகாமல் கட்டிப்போடும் வேலைதான் பதனிடுதல். இதில் முக்கியமான ரெண்டு ரூட் உண்டு. முதலாவது, தாவரப் பதனீடு. மரப்பட்டை, காய்களில் இருக்கும் துவர்ப்புச் சத்தில் தோலை நாள் கணக்கில் ஊற வைப்பது. நம்ம ஊர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த வேலைக்கு உலகப் புகழ் பெற்றவை. ரெண்டாவது, குரோம் பதனீடு. குரோமியம் உப்புகளில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும். இன்னிக்கு உலகத்தில் பெரும்பாலான தோல் இந்த ரூட்டில்தான் வருகிறது.

ரெண்டுக்கும் குணம் வேற வேற. குரோம் தோல் தண்ணியையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். தாவரப் பதனீட்டுத் தோல் தண்ணியைக் குடிக்கும், கறுக்கும், ஈரத்தோடு சூடு பட்டால் சுருங்கி விறைக்கும். இந்தத் தோலை ஈரமாக்கி அச்சை வைத்து அழுத்திக் காயவிட்டால், அந்த அச்சு அப்படியே நிற்கும். சாந்திநிகேதன் பையில் பூவும் கொடியும் புடைத்து நிற்கும் ரகசியமே அதுதான். ரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் அங்கே வளர்த்தெடுத்த கைவேலை இது. தண்ணியில் பிறந்த டிசைனைத் தண்ணியிலேயே முக்கினால்? பிறந்த வழியாகவே திரும்பிப் போயிடுச்சு!

அப்போ அந்த வீடியோ பொய்யா? இல்லை. அவர் முக்கியது பழைய 'கோச்' பை. 1941-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. அவங்க பைகளுக்கு பேஸ்பால் கையுறைத் தோல்தான் இன்ஸ்பிரேஷன். 1962-ல் போனி காஷின் என்ற டிசைனர் அங்கே வந்து சேர்ந்தார். அந்தக் காலத்து 'கோச்' பைகளில் பலவற்றுக்கு உள்ளே லைனிங் துணி கிடையாது, அட்டை கிடையாது. கெட்டித் தோல், பித்தளைக் கொக்கி, அவ்வளவுதான். அந்தப் பை முங்கி எழுந்து வந்தது. அதுவே ரிஸ்க்தான் என்றாலும் பிழைத்துக்கொண்டது. யாருக்கோ கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கி என் அம்மா பைக்கு ஊசி போட்டிருக்கிறேன். கொலை நடந்தது அப்படித்தான்!

அடுத்த குற்றவாளி, துணி துவைக்கும் பவுடர். தோலின் பிஹெச் அளவு சுமார் 3.5-லிருந்து 5 வரைக்கும் இருக்கும். அதாவது, லேசான அமிலத்தன்மை. துணிப் பவுடர் கரைசலோ 10 பக்கம் போகும் காரம். இந்தக் காரம் சாயத்தையும் பதனத்தையும் சேர்த்தே இளக்கிவிடும். மூணாவது குற்றவாளி வெயில். தோல் இழைகளுக்கு நடுவில் பதனிடும்போதே ஊட்டிய எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால்தான் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, தோல் வளைகிறது. ஊறப்போட்டு அதை வெளியேற்றி, வெயிலில் வேகமாகக் காயவைத்தால் இழைகள் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அப்பளம்தான்!

பல்லாவரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பாடம் படிச்சாச்சு. லேப் வேண்டாமா? கிளம்பினேன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. சென்னைவாசிகளுக்குச் சொல்லவே வேணாம். உடைஞ்ச கிராமபோனிலிருந்து பூச்செடி வரைக்கும் கிடைக்கும் இடம். அங்கே ஒரு தார்ப்பாயில் செருப்பு, பெல்ட், பை எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. அடியில் அமுங்கிக் கிடந்தது ஒரு பிரவுன் கலர் தோள்பை.

நீங்களும் இப்படிக் கிளம்பினால், பேரம் பேசறதுக்கு முன்னாடி இந்த செக்கிங்கை முடிச்சிடுங்க...

ஓரம்: பட்டையின் வெட்டு ஓரத்தைப் பாருங்க. நிஜத் தோல் என்றால் உள்ளே நார் நாராக இருக்கும். ரெக்ஸின் என்றால் மேலே பிளாஸ்டிக் படலம், கீழே துணி நெசவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் வேலை எல்லாம் வேணாம். கடைக்காரர் உங்களைக் கொளுத்திடுவார்!

உரிதல்: மேல் படலம் கருவேப்பிலைச் சருகு மாதிரி உதிர்ந்தால், அது பாலியூரித்தேன் பூச்சு. காற்றின் ஈரத்திலேயே சிதையும் சமாச்சாரம். எந்த க்ரீமும் அதைக் காப்பாற்றாது. நடையைக் கட்டுங்க.

மடிப்பு: மெதுவாக மடக்கிப் பாருங்க. மேலாக மெல்லிய சுருக்கம் விழுந்தால் ஓகே, அது வறட்சிதான். ஆழமாகப் பிளந்தால் வேணாம்.

தூள்: விரலால் தேய்த்தால் செங்கல் பொடி மாதிரி ஒட்டுதா? பழைய லெதர் பைண்டிங் புத்தகங்களில் வரும் அதே நோய். காற்று மாசு அமிலமாகிப் பழைய தாவரப் பதனீட்டுத் தோலை அரிப்பதால் வருவது. திரும்ப வராத கேஸ்.

மோப்பம்: தாவரப் பதனீட்டுத் தோலில் மரப்பட்டை வாசம் வரும். ஈர மண் வாசம் வந்தால் பூஞ்சை. அது சமாளிக்கக் கூடியதுதான்.

உள்ளே: லைனிங் கிழிசல், பேனா மை, ஒட்டிப்போன சாக்லேட்... எல்லாத்தையும் இழுத்து வெளியே போட்டுப் பாருங்க.

என் பை பாஸ் மார்க் வாங்கியது. தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது, பித்தளைக் கொக்கி பச்சை பிடித்திருந்தது, தோல் காய்ந்து கிடந்தது. மத்தபடி கெட்டித் தோல். 700 சொன்னார், 350-க்குக் கொடுத்தார். ''எதுக்குப்பா தம்பி இது?'' என்றார். ''அம்மாவுக்கு'' என்றேன். என்ன நினைச்சாரோ, ''முந்நூறு கொடு போதும்'' என்று ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார்.

ஆபரேஷன் ஆரம்பம்!

முதல் நாள் - டெஸ்ட். ஒரு சொட்டுத் தண்ணி. அவ்வளவுதான் டெஸ்ட்! பையின் அடிப்பக்கம், கண்ணில் படாத ஒரு இடத்தில் வையுங்க. சொட்டு முத்து மாதிரி நின்றால், தோலுக்கு மேலே பெயின்ட் மாதிரிப் பூச்சு இருக்கிறது. லேசான ஈரத்தைத் தாங்கும். சர்ரென்று உறிஞ்சிக் கறுத்தால், பூச்சு இல்லாத தோல். ரொம்ப ஜாக்கிரதையாகக் கையாளணும். அடுத்து, ஈரமான வெள்ளைப் பஞ்சால் அதே இடத்தை மெள்ளத் தேயுங்க. பஞ்சில் கலர் ஏறினால் தண்ணி வைத்தியமே வேணாம். வெறும் பிரஷ், காற்று, அவ்வளவுதான். அன்னிக்கு அம்மா பைக்கு இந்தப் பத்து செகண்ட் டெஸ்ட் பண்ணியிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஸ்வேட் மாதிரி மயிர்ப்பரப்பு உள்ள தோல் என்றால் கீழே உள்ள எதுவுமே செல்லாது. மென்மையான பிரஷ் மட்டும்தான்.

தூசி தட்டல். பையைக் காலி பண்ணி, லைனிங்கை வெளியே இழுத்து உதறுங்க. என் பையின் உள் ஜிப்பில் ஒரு பொக்கிஷம் மாட்டியது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்று அச்சடித்த, சாயம்போன ஒரு பஸ் டிக்கெட்! இப்போ அந்தப் பேரில் பஸ்ஸே ஓடலை. யாரோ ஒரு அக்கா தினமும் ஆபீஸுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போன பை என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. அதுவரைக்கும் அது எனக்கு ஒரு ப்ராஜெக்ட். அப்புறம் அப்படி இல்லை.

அப்பாவின் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் தோலையும், பழைய டூத் பிரஷ்ஷால் தையல் இடுக்கையும் தட்டினேன். பூஞ்சை இருந்தால் இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்க. ரூமுக்குள் தட்டினால் பூஞ்சை வித்து உங்க தலையணைக்குக் குடி வந்துடும். பிரஷ்ஷையும் அப்புறம் கழுவிக் காய வையுங்க. பூச்சு உள்ள தோல் என்றால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, துணியில் தொட்டுப் பிழிந்து ஒரு தடவை துடைக்கலாம். முதலில் மறைவான இடத்தில் சோதனை கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

ரெண்டாம் நாள் - குளியல். குளியல் என்று சொன்னாலும், இது காய்ச்சல்காரனுக்கு உடம்பு துடைத்துவிடற மாதிரிதான். ஒரு டம்ளர் தண்ணியில் நாலு சொட்டு பேபி ஷாம்பூ. கலக்கினால் வரும் நுரையை மட்டும் துணியில் எடுங்க, தண்ணியை இல்லை. பழைய வெள்ளை வேட்டித் துண்டு பெஸ்ட். அழுக்கு வருதா, சாயம் வருதா என்று வெள்ளைத் துணிதான் காட்டிக்கொடுக்கும். அழுக்கு என்றால் கறுப்பாக வரும், தொடரலாம். பையின் நிறத்திலேயே வந்தால் உடனே ஸ்டாப்!

இன்னொரு சூட்சுமம்... கறை இருக்கிற இடத்தை மட்டும் தேய்க்காதீங்க. அந்த இடம் வட்டமாகக் கறை கட்டும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரைக்கும், ஒரு முழுப் பகுதியை ஒரே சீராகத் துடைத்து முடிங்க. அப்புறம் வெறும் தண்ணியில் பிழிந்த துணியால் ஒரு தடவை. சோப்பு மிச்சம் தங்கக் கூடாது. என் வேட்டித் துண்டு நாலு தடவை கறுத்தது. அஞ்சாவது தடவை கறுப்பு குறைந்து, பையின் அடியிலிருந்து தேன் நிறம் எட்டிப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, அரியர் க்ளியர் ஆன சந்தோஷம்!

மூணு, நாலாம் நாள் - சும்மா இருத்தல். இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. பைக்குள் பழைய டவலையோ, அச்சடிக்காத காகிதத்தையோ திணித்து, உருவம் சரியாக நிற்கும்படி வைத்து, நிழலில் விட்டுடணும். நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டும். ஃபேன் காற்று ஓகே. வெயில், ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் நோ நோ. முதல் நாள் ராத்திரி நாலு தடவை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். ''என்னடா, ஐ.சி.யு-வுல பேஷன்ட் மாதிரி பாத்துக்கிட்டிருக்க?'' என்றார் அம்மா.

அஞ்சாம் நாள் - சாப்பாடு. காய்ந்த தோலுக்கு இப்போதான் எண்ணெய்ப் பசை ஊட்டணும். லானோலின் மாதிரி பொருள்கள் சேர்த்த, நிறமில்லாத லெதர் க்ரீம் கடைகளில் கிடைக்கும். நிலக்கடலை அளவு எடுத்து, துணியில் தேய்த்துப் பரப்பி, வட்டவட்டமாகப் பூசுங்க. ராத்திரி முழுக்க விட்டு, காலையில் சுத்தமான துணியால் மெருகேற்றுங்க. தோல் இன்னும் வறண்டிருந்தால் மட்டும் ரெண்டாவது கை. 'நிறைய போட்டா சீக்கிரம் குணமாகும்' என்ற நினைப்பு வேணாம். தோலின் துளைகளெல்லாம் அடைத்து, பிசுக்கேறி, தூசியையும் பூஞ்சையையும் விருந்துக்குக் கூப்பிடும். ஒரு உண்மை. க்ரீம் போட்டால் நிறம் ஒரு ஷேட் அடர்த்தியாகும். அதனால் இங்கேயும் முதலில் அடிப்பக்கத்தில் சோதனை.

ஆறாம் நாள் - தையல். இதை நான் செய்யலை. எங்க தெருமுனையில் உட்காரும் செருப்பு தைக்கும் தாத்தாவிடம் போனேன். பையை வாங்கிப் பார்த்தவர், ''பழைய ஓட்டையிலேயே தைக்கணும் தம்பி. புதுசா ஓட்டை போட்டா ஸ்டாம்பு மாதிரி கிழிஞ்சிடும்'' என்றார். என் மெட்டீரியல்ஸ் பேப்பரில் 'ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன்' என்று ஆறு பக்கம் எழுதிய விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்! மெழுகு தேய்த்த நூலில் இருபது நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய்.

பித்தளை ஏன் பச்சை ஆச்சு?

கொக்கி இடுக்கில் மெழுகு மாதிரி பச்சையாக ஒட்டியிருக்கே, அது பாசி இல்லை பாஸ். தோலில் இருக்கும் எண்ணெய்க் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து பண்ணிய வேதியியல் கூட்டணி. பல் குத்தும் குச்சியால் மெள்ளச் சுரண்டி, பட்ஸால் துடைத்தாலே போய்விடும்.

அப்புறம் காந்தத்தைக் கிட்டே கொண்டு போங்க. ஒட்டினால், அது இரும்புக்கு முலாம் பூசியது. தேய்த்தால் முலாம் போய்விடும், துடைப்பதோடு விட்டுடுங்க. ஒட்டலைன்னா பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டே முழுசாகத் தொடுங்க. பாட்டி குத்துவிளக்குக்குப் போடும் புளி, பித்தளைக்கு நல்லதுதான். ஆனால், அந்தப் புளித்தண்ணி தோலில் பட்டால் கறை நிச்சயம். அதனால், கொக்கிக்கு அடியில் பழைய பால் கவரை வெட்டிச் செருகிவிட்டு, பட்ஸில் கொஞ்சமே கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்ப்பதுதான் சேஃப்.

இதெல்லாம் மட்டும் வேணாமே!

* தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்: திட்டுத்திட்டாகக் கறுக்கும். புடவையிலும் சட்டையிலும் ஒட்டும். சாட்சி, நான்!
* நெயில் பாலிஷ் ரிமூவர்: பேனா மையைப் போக்கும் என்பார்கள். மையோடு சேர்த்துத் தோலின் பூச்சையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய மைக்கறையோடு சமாதானமாகிவிடுவது உத்தமம்.
* கலர் ஷூ பாலிஷ்: ஷூவில் போட்டால் தரையோடு போச்சு. பையில் போட்டால் உங்க வெள்ளைச் சட்டையில் வந்து உட்காரும்.
* பாலித்தீன் கவர்: மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். நம்ம கடற்கரைக் காற்றுக்கு இதைவிட நல்ல பூஞ்சைப் பண்ணை கிடையாது. பழைய தலையணை உறையில் போட்டு வையுங்க. மழைக்காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்க.
* பாச்சை உருண்டை: பூச்சி போகும். வாசனை போகவே போகாது!

வாடை போகலையா? பையையும், ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவையும் மூடிய அட்டைப் பெட்டிக்குள் நாலைந்து நாள் வையுங்க. சோடாவைத் தோல் மேலே தூவாதீங்க. அதுவும் காரம்தான்.

பாலாற்றுக் கணக்கு

''முந்நூறு ரூபா பைக்கு இந்தப் பாடா?'' என்றுதான் என் கிளாஸ் பசங்க கேட்டார்கள். (இப்போ என் பட்டப் பெயர் 'பேக் டாக்டர்'.) கணக்குப் போட்டால் பை 300, க்ரீம் 180, தையல் 80. ஆகமொத்தம் 560 ரூபாய், ஆறு நாள். அந்தக் காசுக்கு ஒரு புது ரெக்ஸின் பையே வாங்கலாம். வாஸ்தவம். ரெண்டு வருஷத்தில் உரிந்து போகும், அவ்வளவுதான்.

ஆனால், கணக்கு அதோடு முடியலை. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணி தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. அந்தத் தண்ணி எங்கே போச்சு என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து வரும் உங்க நண்பர்களிடம் கேளுங்க. பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் கெட்டதற்காக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று கோர்ட் அழுத்திச் சொன்னது 1996-ல் அந்த வழக்கில்தான். அதே தோல் தொழிலில்தான் அந்தப் பக்கம் ஏராளமான குடும்பங்களுக்கு அடுப்பு எரிகிறது. அதனால் 'தோலே வேண்டாம்' என்று வசனம் பேச நான் வரலை. அடையாறில் 1948-லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், தண்ணியையும் குரோமியத்தையும் குறைப்பதற்கான ஆராய்ச்சிகளும் நடக்கின்றன.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பரணில் கிடக்கும் பழைய பைக்கு ஒரு ஆறு தன் பங்கை ஏற்கெனவே கொடுத்தாச்சு. அதை இன்னும் இருபது வருஷம் ஓடவைத்தால், அந்தப் பங்கு வீண் போகாது.

கடைசியாக...

ஏழாம் நாள், பல்லாவரம் பையை அம்மா கையில் கொடுத்தேன். பட்டையை இழுத்துப் பார்த்தார், கொக்கியை மாட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பஸ் டிக்கெட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ''இதுவும் யாரோட முதல் சம்பளமோ'' என்றார். டிக்கெட்டை அதே ஜிப்புக்குள் வைத்து மூடிவிட்டார். இப்போ தினமும் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போகிறார்.

சரி, சாந்திநிகேதன் பை? க்ரீம் போட்டுப் பார்த்தேன். விறைப்பு கொஞ்சம் குறைந்தது. எண்ணெய்க் கறை போகலை. விரிசல் மூடலை. பூவும் கொடியும் திரும்பி வரவே இல்லை. சில தப்புகளுக்கு ரிப்பேர் கிடையாது பாஸ். ஆனாலும் அம்மா அதைத் தூக்கிப் போடலை. பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் அதே இடத்தில்தான் இருக்கு. இப்போ அதுக்குள்ளே ரேஷன் கார்டும், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க வீட்டுப் பரணையும் பீரோவையும் கொஞ்சம் குடையுங்க. அத்தையோட பையோ, தாத்தாவோட தோல் பெட்டியோ மாட்டினால், முதலில் அது யாரோடது, எப்போ வாங்கினது என்று உரியவர்களிடம் கதை கேளுங்க. அப்புறம் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணி வைத்துப் பாருங்க.

வாளியைத் தூக்குவது அதுக்கு அப்புறம்... முடிஞ்சா, தூக்கவே தூக்காதீங்க!